சர்வர் 2016: மேலேயே அப்கிரேடா, ஃபார்மேட்டா, பக்கத்தில் புதுசா?

விண்டோஸ் சர்வர் 2016க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2027 ஜனவரி 12ஆம் தேதியோடு நின்றுவிடும். பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ், பனியன் கம்பெனி, அச்சகம், தனியார் பள்ளி போன்ற இடங்களில் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பது பல சமயம் இந்த 2016தான். சில இடங்களில் 2012 ஆர்2கூட இருக்கிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10இலேயே முடிந்துவிட்டது. முதலாளிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டிவிடியைப் போட்டு அப்கிரேடு அடிச்சுட்டா வேலை முடிஞ்சுதா சார்?"

சில சர்வர்களில் முடிந்துவிடும். சிலவற்றில் அன்றைக்குத்தான் வேலையே ஆரம்பிக்கும். எது எப்படி என்பதை முடிவு செய்வது டிவிடியில் இருக்கும் பதிப்பு இல்லை. அந்த சர்வர் அலுவலகத்துக்கு என்ன வேலை செய்கிறது என்பதுதான்.

வழிகள் மூன்று. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு மேலேயே புதிய பதிப்பை ஏற்றுவது ஒன்று. அதே இயந்திரத்தை ஃபார்மேட் செய்து முதலிலிருந்து நிறுவுவது இரண்டாவது. பழையதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய சர்வர் ஒன்றை நிறுவி, வேலைகளை ஒவ்வொன்றாக அங்கே மாற்றுவது மூன்றாவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொமைன் கன்ட்ரோலர், அதாவது அலுவலகத்தின் எல்லா யூசர், கம்ப்யூட்டர் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து லாகினைச் சரிபார்க்கும் சர்வர், இருக்கும் இடத்தில் மூன்றாவது வழியைத் தவிர வேறு எதையும் நான் தொட மாட்டேன். ஒரே ஒரு மென்பொருளுக்காக ஓடும் விர்ச்சுவல் மெஷின் (நிஜ சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனி கம்ப்யூட்டர்) என்றால் முதல் வழி போதும். ஃபார்மேட் என்பது கையில் வேறு இயந்திரமே இல்லாதபோது எடுக்கும் முடிவு.

மேலேயே ஏற்றுவது

இதில் முதல் முறை செய்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டிவிடியையோ பென்டிரைவையோ செருகி, சர்வரை ரீஸ்டார்ட் செய்து, அதிலிருந்தே பூட் செய்தால் அப்கிரேடு நடக்காது. திரையில் "அப்கிரேடு" என்ற தேர்வு இருக்கும். அதை அழுத்தினால், "கம்ப்யூட்டரை வழக்கம்போல் ஆன் செய்து, விண்டோஸுக்கு உள்ளிருந்து செட்டப்பை ஓட்டுங்கள்" என்ற பொருளில் ஒரு அறிக்கை வந்து நின்றுவிடும். டிவிடியிலிருந்து பூட் செய்வது புதிதாக நிறுவுவதற்கும், கெட்டுப்போனதை மீட்பதற்கும் மட்டும்தான். அப்கிரேடு வேண்டுமென்றால் நிர்வாகி கணக்கில் உள்ளே நுழைந்து, டிவிடியைத் திறந்து, செட்டப் கோப்பை அங்கிருந்து இயக்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பு (டிவிடியின் முழு நகல்) இருந்தால் டிவிடியே தேவையில்லை. 2016இல் அதை டபுள் கிளிக் செய்தாலே ஒரு டிரைவ் போல் திறந்துகொள்ளும்.

அடுத்து வரும் பட்டியலில் கவனம் வேண்டும். "விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்டு" என்று ஒரு வரி. அதற்குக் கீழே அதே பெயருடன் அடைப்புக்குறிக்குள் "டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்" என்று இன்னொரு வரி. அடைப்புக்குறி இல்லாத வரிதான் கோர், அதாவது ஸ்டார்ட் மெனு இல்லாத கறுப்புத் திரை. உங்கள் பழைய சர்வரில் டெஸ்க்டாப் இருந்து, நீங்கள் கோரைத் தேர்ந்தெடுத்தால், "கோப்புகள், அமைப்புகள், மென்பொருள்களை வைத்துக்கொள்" என்ற தேர்வு மங்கிப்போய் அழுத்தவே முடியாது. அது மங்கித் தெரிந்தால் அடுத்த பட்டனைத் தட்டாமல் பின்னால் போங்கள். அவசரத்தில் "எதுவும் வேண்டாம்" என்பதை அழுத்திவிட்டு, டேலி எங்கே போனது என்று தேடுவதைவிட அது நல்லது. டேட்டாசென்டர் பதிப்பிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறங்கவும் இந்த வழியில் முடியாது, ஏறத்தான் முடியும்.

2016இலிருந்து 2019, 2022, 2025 மூன்றுக்கும் நேரடியாகப் போகலாம். 2012 ஆர்2 வைத்திருப்பவர்களுக்கு முன்பெல்லாம் ஒரே தாவலில் 2019 வரைதான் எட்டியது. 2025இல் அந்த வரம்பைத் தளர்த்திவிட்டார்கள், 2012 ஆர்2இலிருந்தே ஒரே ஏற்றத்தில் வரலாம்.

ஏற்றுவதற்கு முன் சில சில்லறை வேலைகள் இருக்கின்றன. ஆன்டிவைரஸை முழுதாக நீக்க வேண்டும். தற்காலிகமாக நிறுத்துவது போதாது. இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்து டீமிங் செய்திருந்தால் பிரித்துவிட்டு, அப்கிரேடு முடிந்தபின் மறுபடி சேர்க்க வேண்டும். சி டிரைவில் இடம் பாருங்கள். சர்வர் வாங்கிய காலத்தில் யாரோ சி டிரைவுக்கு 60 ஜிபி மட்டும் ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள், அதில் பாதி பழைய அப்டேட் குப்பையாக இருக்கும். அப்புறம் பேக்கப். சாதாரண ஃபோல்டர் நகல் இதற்கு உதவாது. விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் பேர் மெட்டல் என்று இருப்பதை, அதாவது முழு சர்வரையும் அப்படியே மீட்க உதவும் பேக்கப்பை, வெளி ஹார்ட்டிஸ்க்கில் எடுக்க வேண்டும். பாதியில் தோற்றால் செட்டப் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முயலும், பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் "வெற்றிகரமாக" முடிந்து, இரண்டு நாள் கழித்து ஒரு மென்பொருள் ஓடவில்லை என்று தெரிந்தால் பின்னால் போக ஒரு பட்டன் கிடையாது. அந்த பேர் மெட்டல் பேக்கப்தான் ஒரே பாதை, அதை மீட்கத்தான் பூட் ஆகும் டிவிடி வேண்டும். அதனால் உள்ளிருந்து ஏற்றினாலும் பூட் ஆகும் வட்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் இந்தக் கவலையில் முக்கால்வாசி போய்விடும். செக்பாயின்ட் ஒன்று, அதாவது மெஷினின் அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்துவிட்டு ஏற்றுங்கள், பிடிக்கவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். முதல் வழியை நான் ஆதரிப்பது இங்கேதான். பழைய மென்பொருள், நிறுவிக் கொடுத்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டார், இன்ஸ்டால் சிடியும் இல்லை என்கிற நிலையில் இருக்கும் மெஷின்களுக்கு இதுதான் சரியான வழி.

அதில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இருந்தால் அதன் வயதையும் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர் 2014இன் ஆதரவு 2024 ஜூலை 9இல் முடிந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2016இன் கெடு 2026 ஜூலை 14. கீழே இருக்கும் விண்டோஸை மட்டும் புதிதாக்கி, அதன்மேல் காலாவதியான டேட்டாபேஸை ஓட்டினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

ஃபார்மேட் செய்து நிறுவுவது

சுத்தமாக இருக்கும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் ஒரே காரணம். உண்மைதான், சுத்தமாகத்தான் இருக்கும். பல வருடத்து டிரைவர், அரைகுறையாக நீக்கிய மென்பொருள் எல்லாம் ஒழிந்துவிடும். ஆனால் கூடவே என்னென்ன போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டொமைன் இல்லாமல், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் யூசர்களைத் தானே வைத்துக்கொள்ளும் ஒர்க்குரூப்பில் ஓடும் ஃபைல் சர்வரை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவுக்கு ஒரு ஃபோல்டர், டிசைன் பிரிவுக்கு ஒரு ஃபோல்டர், யார் எதைத் திறக்கலாம் என்று அந்த சர்வரிலேயே உருவாக்கிய யூசர்களை வைத்து அனுமதி கொடுத்திருப்பீர்கள். டேட்டா டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து, அதே பெயர்களில், அதே பாஸ்வேர்டுகளுடன் யூசர்களை மறுபடி உருவாக்குகிறீர்கள். யாராலும் திறக்க முடியாது. ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால், பெயர்கள் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள நீளமான எண்கள் நிற்கும். விண்டோஸ் அனுமதியைப் பெயருக்குக் கொடுப்பதில்லை, அந்த எண்ணுக்குத்தான் கொடுக்கிறது. புதிய நிறுவலில் பிறந்த யூசருக்கு எண் வேறு. ஒவ்வொரு ஃபோல்டராக உட்கார்ந்து அனுமதியை மறுபடி கொடுக்க வேண்டியதுதான். நெட்வொர்க்கில் எந்த ஃபோல்டர் தெரியும் என்ற ஷேர் பட்டியலும் சி டிரைவில், விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் இருந்தது, அதுவும் போயிருக்கும். ஃபார்மேட்டுக்கு முன் ரெஜிஸ்ட்ரியில் லான்மேன்சர்வருக்குக் கீழே இருக்கும் ஷேர்ஸ் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்தால் இந்த இரண்டாவது தலைவலியாவது குறையும்.

அலுவலகத்தின் ஒரே டொமைன் கன்ட்ரோலரை இப்படிச் செய்தால் நிலைமை இன்னும் மோசம். அதே டொமைன் பெயரைக் கொடுத்து நிறுவலாம், ஆனால் உள்ளே அது வேறொரு டொமைன். எல்லா கம்ப்யூட்டரையும் பழைய டொமைனிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்க்க வேண்டும். அடுத்த நாள் காலை ஒவ்வொருவரும் லாகின் செய்ததும் வெறும் டெஸ்க்டாப் வரும். கோப்புகள் எங்கும் போயிருக்காது, பழைய புரொஃபைல் ஃபோல்டரில்தான் கிடக்கும். ஆனால் அதை முப்பது பேருக்கு விளக்கி, அவுட்லுக்கை முப்பது முறை அமைத்துக் கொடுக்க வேண்டும்.

டேலி இருக்கும் சர்வர் என்றால், ஃபார்மேட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். அது இயந்திரத்தோடு பிணைந்தது. மறந்துவிட்டு ஃபார்மேட் அடித்தால் புதிய நிறுவலில் ஆக்டிவேட் செய்ய அலைய வேண்டிவரும்.

நிறுவும்போது டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையும் பயமுறுத்தும் இடம். டிரைவ் 0, டிரைவ் 1 என்றுதான் காட்டும். நீங்கள் வைத்த சி, டி எழுத்துகள் அங்கே இருக்காது. அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், அதனால் முன்கூட்டியே டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். ரெய்டு கார்டில் (பல ஹார்ட்டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கார்டு) சியும் டியும் ஒரே விர்ச்சுவல் டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷனாக இருந்தால் ஒரு தப்பான "டெலிட்" போதும். சில சமயம் டிஸ்க்கே தெரியாது. ரெய்டு கன்ட்ரோலரின் டிரைவர் மைக்ரோசாஃப்ட் வட்டில் இல்லை என்று அர்த்தம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, இன்னொரு பென்டிரைவில் விரித்து வைத்து, "லோடு டிரைவர்" வழியாகக் காட்ட வேண்டும். டெல் சர்வர்களில் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர், எச்பிஇ சர்வர்களில் இன்டெலிஜென்ட் புரொவிஷனிங் என்று உள்ளேயே ஒரு வசதி உண்டு. அதன் வழியாக நிறுவலைத் தொடங்கினால் டிரைவரை அதுவே கொடுத்துவிடும்.

பக்கத்தில் புதிது

காசு அதிகம், நேரம் அதிகம். ஆனால் எந்த நிமிடத்திலும் பழைய சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். ஏதாவது தகராறு என்றால் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வீட்டுக்குப் போகலாம். மற்ற இரண்டு வழிகளிலும் அந்த வசதி இல்லை. டொமைன் கன்ட்ரோலருக்கு மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைப்பதும் இந்த வழியைத்தான்.

செய்யும் விதம் இப்படி. புதிய சர்வரைப் பழைய டொமைனில் சேர்த்து, அதையும் ஒரு டொமைன் கன்ட்ரோலராக உயர்த்துங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். பிறகு, ஒவ்வொன்றையும் ஒரே சர்வர் மட்டும் வகிக்கும் எஃப்எஸ்எம்ஓ என்கிற ஐந்து பொறுப்புகளைப் புதியதற்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் முகவரி வழங்கும் டிஎச்சிபி, பெயர் தேடுவதற்காகக் கொடுக்கும் டிஎன்எஸ் முகவரியைப் புதிய சர்வருக்குத் திருப்புங்கள். பிரின்டர், பயோமெட்ரிக், சிசிடிவி ரெக்கார்டர் போன்றவற்றில் கையால் அடித்து வைத்த டிஎன்எஸ் முகவரிகளைத் தேடி மாற்றுங்கள்; இவைதான் எப்போதும் விட்டுப்போகும். எல்லாம் ஆனபின் பழையதை ஒரு வாரம் அணைத்து வைத்துப் பாருங்கள், யாரும் கூப்பிடவில்லையென்றால் மறுபடி ஆன் செய்து முறையாக டிமோட் செய்யுங்கள், அதாவது டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்குங்கள். அணைத்தபடியே மூலையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

இரண்டு தடைகள் வரலாம். டொமைன் 2003 காலத்தில் பிறந்து, சர்வர் மாறி மாறி இன்றுவரை வந்திருந்தால், டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பகிரும் சிஸ்வால் ஃபோல்டரை நகலெடுக்க எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறையையே இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். 2019 முதல் அதற்கு இடமில்லை, முதலில் டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய முறைக்கு மாற்றியாக வேண்டும். இரண்டாவது, 2025ஐ டொமைன் கன்ட்ரோலராக்க ஃபாரஸ்டின் (டொமைனின் மேல்மட்ட அமைப்பு) ஃபங்ஷனல் லெவல், அதாவது அதன் வசதிகள் எந்தப் பதிப்பின் அளவில் இருக்கின்றன என்பது, 2016 ஆக இருக்க வேண்டும். சர்வர் 2016ஆக இருந்தாலும் லெவலை யாரும் உயர்த்தாமல் 2008 ஆர்2இலேயே விட்டிருப்பார்கள். போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஃபைல்களுக்கு விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளை போதும். அனுமதிகளையும் சேர்த்து நகலெடுக்கும் தேர்வுடன், முதல் நகலை வேலை நாளிலேயே ஓட்டிவிட்டு, மாறிய கோப்புகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓட்டத்தில் எடுக்கலாம். மிரர் தேர்வு போடும்போது எது மூலம், எது இலக்கு என்று இரண்டு முறை பாருங்கள். தலைகீழாகக் கொடுத்தால் காலியான புதிய ஃபோல்டரைப் போலவே பழையதையும் காலி செய்துவிடும், கேள்வி கேட்காது.

காசு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ஸ்டாண்டர்டு லைசென்ஸ் ஒன்றில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டலாம், கீழே இருக்கும் விண்டோஸ் ஹைப்பர்-வி வேலையை, அதாவது விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வேலையை, மட்டும் பார்க்கும்வரை. ஒரே புதிய பெட்டியில் டொமைன் கன்ட்ரோலர் ஒரு மெஷின், ஃபைலும் டேலியும் இன்னொரு மெஷின் என்று பிரித்துவிட்டால், அடுத்த முறை அப்கிரேடு செய்யும்போது நிம்மதி. லைசென்ஸ் ப்ராசஸர் கோர் கணக்கில்தான், சர்வருக்குக் குறைந்தது 16 கோர். சிஏஎல் என்கிற யூசர் உரிமத்தையும் பட்ஜெட்டில் சேருங்கள். 2016க்கு வாங்கிய சிஏஎல் 2022க்கோ 2025க்கோ செல்லாது. மூன்று வழியில் எதில் போனாலும் இந்தச் செலவு உண்டு, விற்பவர் கொட்டேஷனில் இது விட்டுப்போவது சகஜம்.

வட்டு, பென்டிரைவ், மற்றவை

டிவிடி இனி பெரிதாக உதவாது. ஐஎஸ்ஓ 4.7 ஜிபியைத் தாண்டிவிடுவதால் சாதாரண டிவிடியில் அடங்காது, இரட்டை அடுக்கு டிவிடி தேட வேண்டும். சர்வரோடு தயாரிப்பாளர் தரும் ஆர்ஓகே என்ற விண்டோஸ் வட்டு வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் அது தயாரிப்பாளரின் பயாஸைப் பார்த்துத்தான் ஓடும், வேறு கம்பெனிப் பெட்டியில் மறுத்துவிடும். விர்ச்சுவல் மெஷினுக்குள் நிறுவும்போதும் சில சமயம் இதே மறுப்பு வரும்.

பென்டிரைவில் ஒரு சிக்கல். யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குப் பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. இன்ஸ்டால் விம் என்ற கோப்பு ஒன்றே அதைத் தாண்டும். ரூஃபஸ் போன்ற கருவியில் தயாரித்தால் அதுவே சமாளித்துக்கொள்ளும். பூட் மெனுவில் அந்தப் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஈஎஃப்ஐ என்று தொடங்கும் வரியை எடுங்கள். மற்றதை எடுத்தால் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் நிறுவும், பூட் டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ஐடிராக் (டெல்), ஐலோ (எச்பிஇ) வசதி உரிய லைசென்ஸுடன் இருந்தால் ஐஎஸ்ஓவை நெட்வொர்க் வழியாகவே வட்டு போல் மாட்டலாம், ஆனால் அலுவலகத்துக்கு வெளியிலிருந்து மெதுவான இணையத்தில் இதைச் செய்ய வேண்டாம், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து.

2022ஆ, 2025ஆ

2022க்கு 2031 அக்டோபர் 14 வரை ஆதரவு. 2025க்கு 2034 வரை. 2019 எடுப்பதில் அர்த்தமில்லை, 2029 ஜனவரியில் மறுபடி இதே பஞ்சாயத்து. பழைய பெட்டியிலேயே ஏற்றுகிறவர்கள் 2025க்கு ப்ராசஸர் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகளை ஆதரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பதினைந்து வருடத்துக்குள் வாங்கிய சர்வர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

2025இன் ஆரம்ப காலம் கொஞ்சம் கரடுமுரடானது. 2024 நவம்பரில், வெளியிலிருந்து அப்டேட்களை நிர்வகிக்கும் சில மென்பொருள்கள் 2025ஐச் சாதாரண அப்டேட் என்று நினைத்து ஏற்றிவிட, சில இடங்களில் 2019, 2022 சர்வர்கள் யாரும் கேட்காமலே 2025 ஆகிவிட்டன, அதற்கான லைசென்ஸ் இல்லாமலே. 2025ஐ டொமைன் கன்ட்ரோலராக வைத்தவர்களுக்கு, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஃபயர்வால் தவறான புரொஃபைலில், அதாவது டொமைனுக்குரியதல்லாத விதிகளுடன், எழும் கோளாறு ஒன்று இருந்தது, 2025 ஜூன் அப்டேட்டில்தான் சரியானது. இதையெல்லாம் சொல்லி 2025ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. லைசென்ஸையும் சிஏஎல்லையும் 2025க்கே வாங்குங்கள், அதை வைத்துப் பழைய பதிப்பை நிறுவும் உரிமை உண்டு. உங்கள் மென்பொருள் விற்பனையாளர் 2025க்கு இன்னும் தலையாட்டவில்லை என்றால் அந்த மெஷினில் மட்டும் 2022 போடுங்கள்.

எந்தப் பதிப்பைப் புதிதாக நிறுவினாலும் ஜெராக்ஸ் மெஷினை மறக்காதீர்கள். பழைய மெஷின்கள் ஸ்கேன் செய்ததை சர்வர் ஃபோல்டருக்கு அனுப்புவது எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை வழியாக. 2019 முதல் புதிதாக நிறுவினால் அது இருக்காது. அதை மறுபடி இயக்குவதைவிட, மெஷினின் மெனுவில் எஸ்எம்பி2 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றிவிடுங்கள்.

தேதி குறிப்பது கடைசி விஷயம். ஆடிட்டர் ஆபீஸ்களில் செப்டம்பர், அக்டோபரில் கை வைக்க வேண்டாம், மற்ற இடங்களில் மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி கெடுவுக்கு முந்தைய வாரத்தைத் தவிருங்கள். "பொங்கல் லீவுல பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், 2027இல் பொங்கல் வருவது ஜனவரி 12 தாண்டித்தான் என்பதை எடுத்துச் சொல்லி, டிசம்பர் கடைசி வாரத்துக்குள் ஒரு சனி, ஞாயிறைக் கேட்டு வாங்குங்கள்.